அரக்கு வைத்த நாய்ப்பெட்டி

இன்று காலை சிதம்பரத்திலிருந்து மகள் போன் செய்தாள். யாரோ வளர்க்க முடியாமல் கைவிட்ட நாய்க்குட்டி ஒன்றைப் போன மாதம்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அது தூங்குவதற்கென்று கம்பிக் கூண்டு வாங்கி, உள்ளே மெத்தை போட்டு, தன் பழைய சுடிதாரை விரித்து, கதவைத் திறந்தே வைத்து, பிஸ்கட்டைக் காட்டி, செல்போனில் பார்த்த வித்தை எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். குட்டி சோபாவில் படுத்தது. செருப்பு அலமாரியில் படுத்தது. மாப்பிள்ளையின் லேப்டாப் மேல்கூடப் படுத்தது. கூண்டுக்குள் மட்டும் போகவில்லை.

"அம்மா, நேத்து சாயந்திரம் தானாவே உள்ள போயி படுத்துக்கிச்சும்மா! அதுக்கப்புறம் வெளியவே வரல!" என்றாள். பிள்ளை முதல் ரேங்க் வாங்கிய பூரிப்பு குரலில் இருந்தது.

நான் அடுப்பை அணைத்தேன்.

ஐம்பதைத் தாண்டி முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இளையவர்களிடம் சொன்னால் உடனே ஒரு மனநல ஆலோசகரின் நம்பரை அனுப்பிவிடுகிறார்கள். நாய் தானாகப் பெட்டிக்குள் போய்ப் படுப்பது பற்றி எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. வகுப்பெடுக்கும் அளவுக்கே உண்டு. பாடத்திட்டம்தான் வேறு.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கல் முடிந்த கையோடு, சிதம்பரத்தில் இருந்த மாமா கடலூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. கையில் ஒயர் கூடை, கூடைக்குள் ஒரு நாய்க்குட்டி, குட்டியின் மேல் அது பஸ்ஸில் எடுத்த வாந்தி. வாய் மட்டும் கறுப்பு, மற்றபடி வெந்தய நிறம்.

"ஜாதி நாய்க்கா. காலைப் பாரு, என்னா தடிமன்!" என்றார் மாமா.

"ஜாதி நாயின்னா நீயே வெச்சிக்கிறதுதான? இங்க எதுக்கு எடுத்தாந்தே?"

"வீட்ல அவ ஒத்துக்க மாட்றாக்கா. ராவெல்லாம் கத்துது. அக்கம்பக்கத்துல வந்து சண்டை புடிக்கிறாங்க. கோழி மூடுற பஞ்சாரத்தைப் போட்டு கவுத்து வெச்சேன். கத்துனா மேல ஒரு போடு. மறுபடி கத்துனா இன்னொரு போடு. பாதி பழகிடுச்சு. மீதியை நீங்க பழக்கிடுங்க."

சொன்னதோடு நிற்காமல், கூடையின் மேல் ஒரு பழைய தினசரியைப் போட்டு மூடி, விரலால் 'டக்'கென்று தட்டிக் காட்டினார். ஒயர் இடுக்கு வழியாக மூத்திரம் ஒழுகி அம்மா மெழுகி வைத்திருந்த தரையில் ஓடியது. எல்லாரும் சிரித்தோம். அப்பாகூடச் சிரித்தார். அப்பா சிரித்தது அரிதான சம்பவம் என்பதால் குட்டிக்கு வீட்டில் இடம் கிடைத்தது.

"இருக்கட்டும் மச்சான். ஆனா ராத்திரியில பெட்டியில போட்டு மூடிடணும். சத்தம் கித்தம் வந்துது, நாய் வண்டியில ஏத்திடுவேன்," என்றார் அப்பா.

மாசி மகத்துக்கு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும். அதற்கு முன்னால் தெரு நாய்களைப் பிடிக்க வண்டி வரும். ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. எங்கள் வீட்டுக்குக் காம்பவுண்டு கிடையாது. வாசலைத் திறந்தால் தெரு. பெட்டிக்குள் சத்தமில்லாமல் தூங்கப் பழகினால் குட்டிக்கு உயிர். பழகாவிட்டால் வண்டி.

அப்பாவின் உத்தியோகத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் கோர்ட் அமீனா. வழக்கில் தோற்றவர்கள் வீட்டுக்கு உத்தரவோடு போய், பொருள்களை ஜப்தி செய்து, கயிறு கட்டி, அரக்கை உருக்கி முடிச்சின்மேல் வைத்து முத்திரை குத்திக் கொண்டுவருவது அவர் வேலை. போகும் வீடுகளில் சபிப்பார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், சில இடங்களில் அடிப்பார்கள். வாங்கிய அடியை அவர் வழியில் எங்கும் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். சைக்கிள் ஸ்டாண்டை மெதுவாகப் போட்டால் அன்று சாப்பாடு. ஓங்கி உதைத்துப் போட்டால் அடி. அந்தச் சத்தத்தை வைத்தே நாங்கள் அவரவர் மூலைக்குப் போய்விடுவோம். அம்மா அடுப்படி. அண்ணன் கொல்லைக் கதவு. நான் அரிசி டின்னுக்குப் பின்னால். எங்கள் வீட்டில் நெளியாத பாத்திரம் கிடையாது. டிபன் கேரியரின் மூன்றாவது அடுக்கில் அண்ணனின் தலை பட்ட பள்ளம் இருந்தது. அதில் ரசம் சரியாக நிற்கும்.

ஒரே ஒரு விஷயம். ஒரு சனிக்கிழமை கோர்ட் பூட்டிவிட்ட பிறகு ஜப்தியான டேபிள் ஃபேன் ஒன்று திங்கட்கிழமை வரை எங்கள் கூடத்தில் இருக்க நேர்ந்தது. நல்ல வெயில் காலம். சணல் கயிறு சுற்றி, சிவப்பு அரக்கு வைத்து அது நடுக்கூடத்தில் நின்றது. நாங்கள் எதிரே உட்கார்ந்து பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டோம். அன்று சாயங்காலம் ஏதோ ஒரு கோபத்தில் அப்பா பித்தளைச் சொம்பை ஓங்கியபோது, அண்ணன் ஃபேனுக்கு முன்னால் நின்றிருந்தான். அப்பா சொம்பைக் கீழே வைத்தார். ஃபேனை இரண்டு கையாலும் தூக்கிப் பத்திரமாக ஓரமாய் வைத்தார். சொம்பை எடுத்தார். அண்ணனை அடித்தார்.

இதை நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

நாய்க்குப் பெட்டி கிடைத்துவிட்டது. ஆயில் இன்ஜின் வந்திறங்கிய மரப்பெட்டி. அம்மா அடுப்புக்கரி போட்டு வைத்திருந்தாள். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் சந்து. அண்ணன் ஒரு பக்கத்தைப் பெயர்த்துத் தோல் வாரில் ஆணியடித்துக் கதவாக்கி, சாத்தி மாட்ட இன்னொரு வாரும் வைத்தான். அம்மாவுக்குச் சுத்தம் என்றால் பினாயில். அரை பாட்டிலை ஊற்றிக் கழுவினாள். குட்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே தெருவரை ஓடியது.

"என்னாடி நீ, தடவிக்கிட்டு ஒக்காந்திருக்கே? உள்ள தள்ளு, கதவைச் சாத்து, மேல ஏறி ஒக்காரு. முடிஞ்சிது," என்றான் அண்ணன். அப்படியே செய்தும் காட்டினான். குட்டி எழுப்பிய ஓலம் குழந்தையின் அலறல் போலவே இருந்தது. அவன் பெட்டியின் மேல் கையால் குத்தினான். பஞ்சாரத்தின் மேல் விழுந்த அதே சத்தம். உள்ளே அது பலகையில் மூக்கை இடித்து இடித்து, சந்து வழியாக ரத்தம் கசிந்தது. நான் அண்ணனின் கெண்டைக்காலைக் கடித்தேன். பல் இறங்கியது எனக்கே தெரிந்தது. அவன் என் தலைமயிரைப் பிடித்து நெற்றியைப் பெட்டியில் மோதினான். அம்மா அடுப்பிலிருந்த கரண்டியோடு வந்து இருவரையும் விளாசினாள். விசாரணை கிடையாது. எங்கள் வீட்டில் மேல்முறையீடும் கிடையாது.

அதற்குப் பிறகு நான் என் வழியில் போனேன். தேவனாம்பட்டினத்திலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் மீன்காரம்மாவிடம் மத்தித் தலைகளை வாங்கிக்கொள்வேன். "யாருக்கும்மா, உனக்கா நாய்க்கா? ரெண்டும் ஒரே சைசுல இருக்கீங்க," என்பாள். முதலில் பெட்டிக்கு வெளியே ஒரு தலை. பிறகு வாசலில் ஒன்று. பிறகு உள்ளே. குட்டி கழுத்தை மட்டும் நீட்டிக் கவ்விக்கொண்டு பின்கால்களால் ஓடத் தயாராக நிற்கும். பினாயில் வாடை போகட்டும் என்று என் கிழிந்த பாவாடையை விரித்தேன். அதுவும் போதவில்லை என்றான பிறகு நானே உள்ளே போய்ப் படுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் என் இடம். கரி, இன்ஜின் ஆயில், மீன், நாய். நான்கும் கலந்த வாசனை. வெயில் கோடு கோடாக உள்ளே விழும். ஒருநாள் குட்டி வந்து என் முழங்கால் மடிப்பில் சுருண்டது. அதன் இதயம் என் காலில் தட்டியது. வலிக்காமல் என்மேல் ஒன்று தட்டியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

கதவு திறந்திருக்கும்வரை தூங்கும். வாரை மாட்டினால் பைத்தியம் பிடிக்கும். ராத்திரிகளில் வாரை மாட்டாமல் இன்னொரு பாவாடையைத் திரையாகத் தொங்கவிட்டு அப்பாவை ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

மாசி பிறந்து ஒரு மத்தியானம் நாய் வண்டி வந்தது. எதிரே டீக்கடை வாசலில் ஒரு செவலை நாய் கிடக்கும், தெருவுக்கே பொது. வண்டிக்காரர்களில் ஒருவன் பன்னைப் போட்டான். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. இன்னொருவன் இரும்பு இடுக்கியால் கழுத்தைக் கவ்வினான். அது கால்களை உதறியதில் டீக்கடை பெஞ்சு சாய்ந்தது; கிளாஸ்கள் உடைந்தன. "மண்டையில போடுடா!" என்றான் ஒருவன். கழி இறங்கியது. முதல் அடிக்குக் கத்தியது. இரண்டாவதற்குக் கத்தவில்லை. அதற்குப் பிறகும் அடித்தார்கள். சாயம் போன சட்டைபோல அதைத் தூக்கி வண்டியில் எறிந்தார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ரத்தம் படாமல்.

வண்டிக்காரன் எங்கள் வாசலில் நின்ற என்னையும், என் கையிலிருந்த குட்டியையும் பார்த்தான். "கழுத்துல முனிசிபாலிட்டி பட்டை இல்லாம இருந்தா அதையும் எடுத்துக்குவோம் பாப்பா. காலையில வர்றோம்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கீரை வேண்டுமா என்று கேட்பதுபோல் சொன்னான்.

கையில் கழியோடு வரும் ஆண்பிள்ளையைத் தடுத்து நிறுத்தக்கூடிய பொருள் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சணல் கயிற்றுக் கண்டும் அரக்குக் குச்சிகளும் மேலேயே இருந்தன. குட்டியை உள்ளே தள்ளி, வாரை மாட்டி, அது கத்தக் கத்த, பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டினேன். சிம்னி விளக்கில் அரக்கை உருக்கி முடிச்சின்மேல் சொட்டினேன். முத்திரை குத்தும் பித்தளைக் கட்டை அப்பாவோடு போயிருந்தது. அதனால் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். தோல் அரக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் ரேஷன் கடை இயந்திரத்தில் என் வலது கட்டைவிரல் ரேகை விழாது. "அழுத்தி வைங்கம்மா," என்பார்கள். அழுத்தியதால்தான் இப்படி என்று சொல்வதில்லை.

அன்று சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டு சத்தமே வரவில்லை. சைக்கிள் கீழே விழும் சத்தம்தான் வந்தது.

அப்பா தேவனாம்பட்டினத்தில் ஒரு படகு இன்ஜினை ஜப்தி செய்யப் போயிருக்கிறார். உடன் போன கோர்ட் டவாலிச் சேவகன் ஓடிவிட்டான். துடுப்பால் அடித்திருந்தார்கள். சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து, காதிலிருந்து வழிந்த ரத்தம் கழுத்தில் காய்ந்து, மணல் ஒட்டிய முகத்தோடு வாசலில் நின்றார்.

"ஐயோ, காதுல ரத்தங்க! யாருங்க அடிச்சது?" என்றாள் அம்மா.

கேட்டதுதான் குற்றம். விட்ட அறையில் அவள் சுவரில் மோதி, கண்ணாடி வளையல் நொறுங்கி மணிக்கட்டில் ஏறியது. குறுக்கே போன அண்ணன் வயிற்றில் ஓர் உதை. அவன் மூச்சு வாங்க முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். அந்த நேரம் பெட்டிக்குள்ளிருந்து குட்டி ஊளையிட்டது.

"அத முடிச்சிட்டுத்தான் மறுவேலை," என்று அப்பா அடுப்படியிலிருந்து ஒரு விறகுக்கட்டையை உருவிக்கொண்டு பெட்டியை நோக்கி வந்தார். நான் பெட்டியின் முன்னால் நின்றேன். வீரம் ஒன்றுமில்லை. கால் நகரவில்லை. என்னைத் தள்ளிவிட்டுக் கட்டையை ஓங்கினார்.

கட்டை மேலேயே நின்றது.

சணல் கயிறு. சிவப்பு அரக்கு. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. அரக்கில் கோர்ட் முத்திரை இல்லை, ஒரு பிள்ளையின் கட்டைவிரல்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் பழகிய கை.

"இது யாரு வெச்ச சீலு?"

"நான்தாம்ப்பா."

"எந்த ஆர்டர்ல?"

அவர் குனிந்து முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "முடிச்சு மேல வரணும். பக்கத்துல வெச்சா கயித்த உருவிடலாம்," என்றார். பிறகு, "அரக்க எவ எடுக்கச் சொன்னது?" என்று ஆரம்பித்தார்.

அடித்தார். நன்றாகவே அடித்தார். முழங்கால், முதுகு, தடுத்த கை. கட்டையில் ஒட்டியிருந்த சாம்பல் என் வாயில் கரித்தது. ஒரு அடிகூடப் பெட்டியின் மேல் படவில்லை, படாமல் பார்த்துக்கொண்டார். தரையில் கிடந்தபடி நான் பலகைச் சந்து வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒரு கண். என்மேல் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் அது ஒருமுறை சிமிட்டியது. ஊளை நின்றுபோயிருந்தது. அதற்குத் தெரிந்தவரை மூடியிருந்தால் அடி உள்ளே வரும். இன்று அடி வெளியிலேயே விழுந்துகொண்டிருந்தது. குட்டி கொட்டாவி விட்டது. என் பாவாடைத் துணிக்குள் மூக்கை நுழைத்துச் சுருண்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

தூங்கிவிட்டது என்று எல்லாரும் நிம்மதியானோம். நாய் பயத்திலும் கொட்டாவி விடும் என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன்.

காலையில் வண்டி வந்தது. கழியோடு ஒருவன் வாசலேறினான். "இங்க ஒரு குட்டி இருந்துச்சே?"

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கோர்ட் சீலு வெச்ச பெட்டி இது. ஒடைக்கணும்னா ஆர்டர் இருக்கா?"

"உள்ள நாய் இருக்கற மாதிரி வாடை வருது சார்."

"ஒனக்கு மூக்கு நல்லாருக்கு. ஆர்டர் இருக்கான்னு கேட்டேன்."

அவன் அரக்கைப் பார்த்தான். கழியைத் தாழ்த்திக்கொண்டு இறங்கிப் போனான். அண்ணன் சிரித்துவிட்டான். அப்பா திரும்பி வந்து, சிரித்ததற்கு அவனுக்கு ஓர் அறை விட்டார். அப்புறம் பேனாக்கத்தியால் தானே கயிற்றை அறுத்தார்.

மாசி மகத்துக்கு வந்த சிதம்பரம் மாமா, குட்டி தானாகவே பெட்டிக்குள் போய்ப் படுப்பதைப் பார்த்துவிட்டு, "பாத்தியாக்கா, எல்லாம் பஞ்சாரத்துல குடுத்த ட்ரெய்னிங்கு!" என்றார். அம்மா பினாயில்தான் காரணம் என்றாள். நான் மத்தித் தலை என்று நம்பினேன். கூடத்தில் கடற்கரைச் சுண்டலைக் கொறித்துக்கொண்டு இதைப் பற்றி எல்லாரும் வெகுநேரம் பேசினோம். வாசலில் அப்பா சைக்கிள் ஸ்டாண்டை உதைத்துப் போட்டார். பேச்சு நின்றது. குட்டி எப்போது எழுந்து போனது என்று யாரும் பார்க்கவில்லை. பெட்டிக்குள் இருந்தது.

பிறகு அது வளர்ந்து பெட்டி பற்றாமல் போனது. ஆனாலும் ஸ்டாண்டு சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் தலையை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு, முழு உடம்பும் வெளியே கிடக்க, கண்ணை மூடிக்கொள்ளும். அப்பா அதைத் தாண்டித்தான் போவார். ஒருநாளும் தொட்டதில்லை. தலை உள்ளே இருந்தால் சட்டப்படி உள்ளே என்றுதான் அர்த்தம்போல. அண்ணனும் ஒருமுறை தன் தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். அவன் விஷயத்தில் அந்தச் சட்டம் செல்லவில்லை.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், காலையில் நான் ஏன் அடுப்பை அணைத்தேன் என்று.

"கூண்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி வீட்ல என்னா நடந்துச்சு?" என்று மகளைக் கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கலியே. ஏம்மா?"

"சும்மா சொல்லு."

போனோடு மொட்டை மாடிக்கு ஏறினாள்போல. கோயில் மணிச் சத்தம் அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"அவுங்க ஆபீஸ் டென்ஷன்ல வந்தாங்கம்மா. டம்ளரைத் தூக்கிப் போட்டாங்க. சுவத்துலதாம்மா போட்டாங்க. எம்மேல இல்ல."

எங்கள் வீட்டிலும் ஆரம்பத்தில் சுவர்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"நாய்க்குட்டிய உள்ளயே விடு. நீ வெளிய வந்து பக்கத்து வீட்ல ஒக்காரு. நான் வர்றேன்," என்றேன்.

கடலூர் பஸ் ஸ்டாண்டில், சிதம்பரம் வண்டியில், ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். டிரைவர் ஏறிவிட்டார். மடியிலிருக்கும் பையில் ஒரு சணல் கயிற்றுக் கண்டும், அப்பாவின் டிரங்குப் பெட்டியில் மிச்சமிருந்த அரக்குக் குச்சி ஒன்றும் இருக்கின்றன. மாப்பிள்ளை படித்தவர், ஆர்டர் எங்கே என்று கேட்பார். கேட்கட்டும். என் இடது கட்டைவிரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.